ரோபோவும் எனக்குக் காட்டாத தாளும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறதென்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது சரியில்லை. என் கோபம் முதுகின் அடியில், நாரியில் இருக்கிறது, இடது பக்கம். அங்கே தொடங்கித் தொடையின் பின்னால் இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு சின்னி விரலில் போய் நிற்கும். எழுந்து நின்றால் கொஞ்சம் அடங்கும். படுத்தால் இன்னும் அடங்கும். கதிரையில் உட்கார்ந்து இருந்தேனோ, பத்தாவது நிமிடம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

என் சீவியமோ கதிரையில். எங்கள் துறைமுக ஊரின் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரச அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வரும் சுற்றுநிருபங்களையும் கடிதங்களையும் தமிழாக்குவது வேலை. கேட்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். எனக்கு அப்படியில்லை. கட்டைபறிச்சானில் ஒரு கமக்காரர் தன் வயற்காணிக்கு வந்த கடிதத்தை யாரிடமும் கொண்டுபோய்க் கெஞ்சாமல் தானே வாசித்து விளங்கிக்கொள்கிறார் என்றால், அந்தக் கடிதம் என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். அந்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது ஆள் கிடையாது. நான் லீவில் நின்ற நாட்களில் கடிதங்கள் சிங்களத்திலேயே போயின.

இந்த நாரி நோவுக்கு எடுத்த மருத்துவ லீவும் முடிந்துகொண்டு வந்தது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பாவிட்டால் மருத்துவ சபைக்கு முன் தோன்ற வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று டொக்டர்மார் இருந்து, இவளால் வேலை செய்ய ஏலுமா ஏலாதா என்று எழுதுவார்கள். ஏலாது என்று எழுதினால் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கலியாணம் கட்டவில்லை. உப்புவெளியில் அண்ணனும் மச்சாளும் இருக்கும் வீட்டில் ஓர் அறை எனக்கு. அந்த அலுவலகக் கதிரையை விட்டால் எனக்கென்று வேறோர் இடம் இல்லை. ஆகவே மூன்று மாதத்துக்குள் நான் கதிரையில் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஊரிலேயே ஒரு டொக்டர் இருந்தார். கிண்ணியாப் பக்கத்து மனிதர், மெல்லக் கதைப்பவர். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறது, நரம்பின் வேரடியில் ஓர் ஊசி போட்டால் வீக்கம் வற்றும், வருகிற வியாழக்கிழமையே போடலாம் என்றார். நான் "போடுங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கூட வந்திருந்த அண்ணன் முந்திக்கொண்டார்.

"கையாலயோ குத்துவீங்கள்?"

"ஓம். எக்ஸ்ரேயில பார்த்துப் பார்த்துத்தான் போடுறது."

"யோசிச்சுச் சொல்லுறம் டொக்டர்."

யோசிச்சுச் சொல்லுறம். முதுகு என்னுடையது, யோசிப்பது பன்மையில்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நோய், வருத்தம் என்று வந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவர் குழந்தை. ஸ்கான் படம், மருந்துத் துண்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு பைலுக்குள் போகும். பைல் வீட்டு ஆண்பிள்ளையின் கக்கத்துக்குள் போகும். டொக்டர் அவரிடம் சொல்வார், அவர் வெளியே வந்து தனக்குச் சரியென்று பட்டதை மட்டும் நோயாளிக்குச் சொல்வார். பாக்கியெல்லாம் அடுப்படியில், குசினிக்குள் குசுகுசுப்பு. எங்கள் அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று அப்பா ஒருவருக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. அன்று அதை நானும் பாசமென்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிதரை நம்பமாட்டார், இயந்திரத்தை நம்புவார். கனடாவில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வெள்ளைக் கை ஒன்று மெதுவாக வளைந்து வந்து ஒருவரின் முதுகுக்கு மேலே அசையாமல் நிற்கிறது, டொக்டர் அதன் வழியாக ஊசியை இறக்குகிறார். அப்படியொன்று கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கும் வந்திருக்கிறதாம். அண்ணன் அதைப் பத்துத் தரமாவது போட்டுப் பார்த்திருப்பார்.

"ரோபோ இருக்கேக்க ஏன் மனிசன்ர கையில குடுக்கிறது? முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவன் சொல்லுறன். கை நடுங்கும், மெசின் நடுங்காது."

"ஒருக்கா சீமெந்துப் பொதியள் முழுக்கக் கடலுக்க இறக்கினது ஆர்?" என்று கேட்டேன்.

"அது கேபிள் அறுந்தது. அந்தக் கதையை இப்ப ஏன் எடுக்கிறாய்?"

மச்சாள் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே தலையையும் ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

கொழும்புக்கு ஒரு வான் வண்டியின் பின்சீற்றில் படுத்தபடி போனேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் மூன்று கதிரைகளைச் சேர்த்து அதிலும் படுத்தேன். அண்ணன் பைலோடு உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தார். என்னைக் கூப்பிட்டது கடைசி ஐந்து நிமிடத்துக்கு. அங்கிருந்த சிங்கள டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், பாதத்தில் தட்டிப் பார்த்தார், மிச்சக் கதையை அண்ணனோடு இங்கிலீசில் கதைத்தார். அண்ணனின் இங்கிலீசு கப்பற்காரரோடு கதைத்துப் பழகிய இங்கிலீசு. தூக்கு, இறக்கு, நிற்பாட்டு. அதோடு அவர் "யேஸ், யேஸ்" என்று தலையாட்டிக்கொண்டு இருந்தார். ஏழு கிழமை, ஏறக்குறைய ஐம்பது நாள், கழித்து ஊசிக்கு ஒரு நாள் கிடைத்தது. வெளியே வரும்போது நேர்ஸ் ஒரு தாளை அவர் கையில் கொடுத்து ஏதோ சொன்னாள். அவர் முகம் கறுத்தது. தாளை நாலாக மடித்துப் பைலுக்குள் வைத்தார்.

"என்ன தாள் அண்ணா?"

"ஒண்டுமில்லை. டேட் போட்டுத் தந்தவை."

நாளெல்லாம் தாள் வாசித்துச் சம்பளம் எடுப்பவள் நான். ஆனாலும் அவர் சொன்னதை நம்பினேன்.

ஏழு கிழமையும் பின்னேரம் பின்னேரம் மச்சாள் என் நாரிக்கு எண்ணெய் தேய்த்தாள். நாட்டு வைத்தியப் பரியாரியார் காய்ச்சித் தந்த, நோவுக்குப் பூசும் எண்ணெய், அறை முழுக்க மணக்கும். அந்த எண்ணெயால் வட்டு உள்ளே போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் உள்ளங்கைச் சூடு பட்டால் ஒரு மணி நேரமாவது கண்ணயரலாம். அவளைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். ஊசிக்குரிய நாளன்று விடிய, கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கிய அறையில், நீண்ட தூரம் வந்த நாரி என்று சொல்லி வழமையைவிட இரண்டு மடங்கு ஊற்றித் தேய்த்தாள். பிறகு நான் வெந்நீரில் குளித்தேன். எண்ணெய் போய்விட்டது என்று இருவரும் நினைத்தோம்.

ரோபோவை நான் முதலில் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. பல்லு டொக்டரின் கதிரைக்குப் பக்கத்தில் நிற்குமே ஒரு கை, அதைப் போலத்தான் இருந்தது, கொஞ்சம் பெரிது. குப்புறப் படுக்க வைத்து, முகத்தைக் கட்டிலில் இருந்த ஓட்டைக்குள் வைத்தார்கள். அதன்பின் எனக்குத் தெரிந்தது தரையும், டொக்டரின் பச்சை றப்பர்ச் செருப்பும், நேர்ஸின் வெள்ளைச் சப்பாத்தும் மட்டுந்தான். முதுகில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சின்னச் சின்ன உருண்டைகள் வைத்த ஒரு தகட்டை ஒட்டினார்கள். மேலே இருக்கும் கமரா அந்த உருண்டைகளைப் பார்த்துத்தான் முதுகு எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் என்று இங்கிலீசில் விளக்கம் சொன்னார்கள். ஸ்கான் எடுத்தார்கள். டொக்டர் கண்ணாடிக்குப் பின்னால் போய், ஊசி போகவேண்டிய பாதையைக் கொம்பியூட்டரில் கீறிவிட்டு வந்தார். இயந்திரக் கை மெல்லிய இரைச்சலோடு இறங்கி வந்தது. பிறகு டிங் டிங் என்று இரண்டு சத்தம். கை மேலே போய்விட்டது.

தகடு வழுக்கியிருக்கிறது. துடைத்துத் திரும்ப ஒட்டி, திரும்ப ஸ்கான் எடுத்து, திரும்பப் பாதை கீறினார்கள். கை இறங்கி வந்தது. டிங் டிங். மேலே போய்விட்டது. மூன்றாம் தரமும் அதேதான். ஏழு கிழமை ஊறிய எண்ணெய், உடம்பு சூடாகச் சூடாகத் தோலுக்குள் இருந்து கசிந்துகொண்டே இருந்தது. தகடு அரைக்கால் விரற்கடை நகர்ந்தாலும் அந்த இயந்திரம் ஊசிக்கு வழிவிடாது. ஒன்று சொல்ல வேண்டும், அந்த அறையில் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

பச்சைச் செருப்பு பொறுமை இழந்து அங்குமிங்கும் நடந்தது. பிறகு என் முதுகுக்கு மேலே நின்று டொக்டர் நேர்ஸிடம் சிங்களத்தில் சொன்னார்.

"எண்ணெய். முதுகு முழுக்க எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு எழுதிக் கொடுத்தாலும் இதுதான். வாசிக்கிற பழக்கம் இல்லை."

உச்சந்தலையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. வாசிக்கிற பழக்கம் இல்லை. எனக்கு. அவர்களுடைய மொழியில் ஆறாம் பக்கத்து அடிக்குறிப்பு வரைக்கும் வாசித்து, அதில் பிழை கண்டுபிடித்துத் தலைமையகத்துக்குத் திருப்பி அனுப்பிய எனக்கு. ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடியே தரையைப் பார்த்துச் சிங்களத்தில் கதைத்தேன். கோபத்தில் எனக்குக் கதைக்கிற சிங்களம் வரவில்லை, கடிதச் சிங்களந்தான் வந்தது.

"டொக்டர் அவர்களே, நான் இருபத்தாறு வருடங்களாகச் சிங்களத்தில் வாசித்துக்கொண்டிருப்பவள். மேற்படி தாள் எந்தத் திகதியில், எந்த மொழியில், யாரிடம் கையளிக்கப்பட்டது என்பதை எனக்கு அறியத்தரவும்."

செருப்பு நின்றுவிட்டது. சப்பாத்தும் அசையவில்லை.

நேர்ஸ்தான் சொன்னாள். "மிஸ்ஸின் அண்ணாவிடம் கொடுத்தோம். இன்று காலையும் கேட்டோம், எல்லாம் தாளில் உள்ளபடி செய்ததாகச் சொன்னார்."

"தமிழில் இருக்கிறதா அந்தத் தாள்?"

"சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருக்கிறது."

"என்னிடம் ஏன் தரவில்லை?"

டொக்டர் குனிந்து முதல் தடவையாக என்னோடு, சிங்களத்தில், மரியாதையாகக் கதைத்தார். இன்று செய்ய முடியாது, வேறொரு நாள் தருகிறோம், அதற்கு ஆறு கிழமை ஆகும் என்றார். மருத்துவ சபைக்கு அப்போது மூன்று கிழமைதான் இருந்தது.

"கையால் போட முடியாதா டொக்டர்?"

"முடியும். பல வருடமாகக் கையால்தான் போட்டேன். ஆனால் இன்றைக்கு உங்களுக்குப் பதிந்திருப்பது ரோபோ முறை. மாற்றுவதற்கு இங்கே அனுமதி இல்லை."

ஊரில் அந்த வியாழக்கிழமையே கிடைத்திருக்கும் அதே ஊசி. அதற்கும் இதற்கும் நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. எழும்பி உடுப்பு மாற்றும்போது என் கை நடுங்கியது. அண்ணன் சொன்னது சரிதான், மனிசன்ர கை நடுங்கும்.

வான் வண்டியில் ஏறிப் படுத்ததும் அண்ணனிடம் கையை நீட்டினேன். "பைலைத் தாங்கோ."

"வீட்டை போய்ப் பாப்பம்."

"இப்ப தாங்கோ."

தந்தார். நாலாக மடித்த தாளைப் பிரித்து, வான் நகர நகர, அதைச் சத்தமாகத் தமிழாக்கினேன். என் தொழில் அதுதானே. "சிகிச்சைக்கு முன்னரான பத்து நாட்களுக்கு முதுகில் எண்ணெய், தைலம், களிம்பு எதனையும் பூசுதல் ஆகாது." மச்சாள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு அவற்றாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் நிற்பாட்டவில்லை. "மிக அரிதாகத் தொற்று, நரம்புப் பாதிப்பு, கால் செயலிழத்தல் ஆகியன ஏற்படக்கூடும்."

"அதுதான்," என்றார் அண்ணன். முன் சீற்றிலிருந்து திரும்பாமலே சொன்னார். "அந்த நேர்ஸ் பிள்ளை அரைகுறைத் தமிழில அதைத்தான் சொன்னது. கால் இழுத்துப் போகலாமாம் எண்டு. நீ வாசிச்சால் பயந்து வரமாட்டன் எண்டுவாய். மிச்சம் என்ன எழுதிக்கிடக்கு எண்டு எனக்குத் தெரியாதடி. ஆரிட்டையும் குடுத்து வாசிக்கவும் பயமாக் கிடந்தது, உன்ர காதுக்கு வந்திடும் எண்டு."

"வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளிட்ட இருந்து ஒளிச்சு வச்சிருக்கிறியள்."

"உனக்கு ஒண்டும் ஆகக் கூடாதெண்டுதான்."

"ஆகிப்போச்சு."

ஹபரணை தாண்டும்போது முன் சீற்றில் அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. இரங்க வேண்டும் என்றும் தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. பாசத்தோடு செய்த பிழை என்றால் யாரையும் திட்டவும் ஏலாது, அந்த ஆத்திரத்தையும் நோகிறவளே விழுங்க வேண்டும். இவ்வளவு காலமும் அதைத்தான் எங்கள் வீட்டில் ஒழுங்கு என்று வைத்திருந்தோம்.

ஊர் டொக்டரிடம் திரும்பிப் போனேன். பெயர் கூப்பிட, பழக்கதோசத்தில் அண்ணன் பைலோடு எழும்பினார். நான் பைலை வாங்கிக்கொண்டு, "நீங்கள் இதில இருங்கோ," என்றேன். அவர் இருந்தார். டொக்டர், "என்ன நடந்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சொன்னேன். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமைகள் எல்லாம் இப்போது நிரம்பியிருந்தன. மருத்துவ சபைக்கு நாலு நாள் முன்னதாகத்தான் ஒன்று கிடைத்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துப் பார்த்து, கையால், கால் மணி நேரத்துக்குள் போட்டு முடித்தார். கால் வழியாக ஒரு மின்னல் ஓடியது, பிறகு ஒன்றுமில்லை.

"ஊசி வேலை செய்யப் பத்துப் பதினைஞ்சு நாள் செல்லும். அதுக்கு முதல் ஒண்டும் தெரியாது," என்றார்.

"எனக்கு நாலு நாள்தான் இருக்கு டொக்டர்."

அவர் கடிதம் எழுதித் தந்தார். தவணை கேட்டு நானும் தலைமையகத்துக்கு எழுதினேன், சுத்தமான சிங்களத்தில். பதில் இல்லை. நாலாம் நாள் மூன்று டொக்டர்மாருக்கு முன்னால் போய் நின்றேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். டொக்டரின் கடிதத்தை வாசித்தார்கள். ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எட்டாவது நிமிடம் என்னை அறியாமலே எழும்பிவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எழுதிக்கொண்டார்கள். "இன்னும் பத்து நாள் தாருங்கோ" என்று கேட்டேன். இன்று உள்ள நிலைமையைத்தான் எழுதலாம் அம்மா என்று மெதுவாகச் சொன்னார் நடுவில் இருந்தவர்.

ஊசி போட்ட பதின்மூன்றாம் நாள் விடிய எழும்பும்போது கால் என்னுடைய காலாக இருந்தது. நம்பாமல் குசினியில் போய் ஒரு கதிரையை இழுத்து இருந்து பார்த்தேன். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், குடித்தேன், கோப்பை ஆறும்வரை இருந்தேன். அவள் அழுதாள். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. சபையின் முடிவுக்கு எதிராக மேன்முறையீடு எழுதி அனுப்பினேன். அதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துப் பிரதம எழுதுநர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சொல்லத் தெரியாமல் நின்றார். கையில் ஒரு கடித உறை.

"மிஸ், உங்கட ஓய்வுக் கடிதம் வந்திருக்கு. சிங்களத்தில மட்டுந்தான். உங்களுக்குத் தமிழ்ப் பிரதியும் குடுத்து, உங்கட பைல் கோவையில ஒண்டு போட வேணுமாம். அங்க..." என்று நிறுத்தினார்.

"அங்க ஆளில்லை," என்றேன்.

"ஓம் மிஸ்."

திட்டி அனுப்பியிருக்கலாம். அண்ணன் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். கடிதத்தைத் தான் வாங்குவதற்குக் கையை நீட்டியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். நான் வாங்கினேன். சாப்பாட்டு மேசைக்கு முன் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேறு யாருக்கோ வந்த கடிதத்தைச் செய்வதுபோல் வரிவரியாகச் செய்தேன். "தொடர்ச்சியாகக் கதிரையில் அமர்ந்து கடமையாற்ற இயலாத நிலையில் தாங்கள் உள்ளமை மருத்துவ சபையினால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளமையால்" என்ற வரியில் கொஞ்சம் மினக்கெட்டேன். மூலத்தில் வாக்கியம் பிழையாக இருந்தது, தமிழில் அதைத் திருத்தினேன். பிறகு வடிவான கையெழுத்தில் இரண்டு பிரதி எழுதினேன். பிரதம எழுதுநர் சுவர் மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருந்தார். எழுதி முடிக்க ஒரு மணியும் பத்து நிமிடமும் ஆனது. அவ்வளவு நேரமும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.